உன் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்த பெஞ்சு

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் அப்பாவும் சௌக்கியம். மஞ்சக்குப்பத்துப் பூனைகளும் சௌக்கியம், எல்லாம் நம் வீட்டுக் கொல்லையில்தான் குடியிருக்கின்றன. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. உன் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போட மறந்துவிட்டார்கள் என்று உன் அப்பா அச்சகத்துக்குப் போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்திருக்கிறார். நீ கேட்டிருந்தாய், சிதம்பரத்துப் பெண் வீட்டார் வீடு பார்க்க வந்த அன்றைக்கு என்னதான் நடந்தது என்று. அப்பா "வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள்" என்று முடித்துவிட்டாராம். கோமதியின் அப்பாவோ உனக்குக் கடிதம் எழுதினால் உன்னை இரண்டு வரி விசாரித்துவிட்டு மீதிப் பக்கம் முழுக்க நம் வீட்டுப் பெஞ்சை விசாரிக்கிறாராம். "எந்தப் பெஞ்சு அம்மா?" என்று கேட்கிறாய். நீ பம்பாயில் உட்கார்ந்து ஆபீஸில் படம் வரைந்துகொண்டிருந்த நேரத்தில், உன் கல்யாணம் இங்கே அந்தப் பெஞ்சினால் நின்றுபோக இருந்தது. தாலி கட்டுவதற்கு முன் நீ அதைத் தெரிந்துகொள்வது நல்லது. படித்துவிட்டு இதைக் கிழித்துப் போட்டுவிடு, கோமதியின் கண்ணில் படக் கூடாது.

முதலில் மீனிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிதம்பரத்தில் படிக்கும்போது சிநேகிதன் வீட்டுக்குப் போய் அவன் தங்கையைப் பார்த்துவிட்டு வந்து, "கட்டினால் கோமதியைத்தான் கட்டுவேன்" என்று ஒற்றைக் காலில் நின்றவன் நீ. நல்ல இடம், நம் சனம், தூரத்து உறவும்கூட. ஆனால் கோமதியின் அம்மா மாதம் தவறாமல் வடலூர் போய் ஜோதி கும்பிட்டு வருகிறவள். புலால் வாடை படாத வீடு. பெண் கொடுப்பதானால் மாப்பிள்ளை வீடும் சைவமாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கடலூரில் பிறந்து வளர்ந்தவர்களிடம் கேட்கிற கேள்வியா இது? உன் அப்பா மறுநாள் காலையில் எழுந்து, "சரி, மீன விட்டுடலாம்" என்றார். நான் மீன் சட்டியைக் கிணற்றடியில் போட்டு உடைத்தேன். உடைத்த பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அது என் அம்மா எனக்குக் கொடுத்த சட்டி.

மற்ற நாட்களில் ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வம்பாகிப் போயிற்று. உனக்குத் தெரியும், உன் அப்பாவுக்கு ஞாயிறு என்றால் விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் முதுநகர் போவது, செவுளைத் தூக்கிப் பார்ப்பது, மீன்காரியிடம் ஏச்சு வாங்குவது, அதைச் சிரித்துக்கொண்டே வீட்டில் வந்து சொல்வது. மீனைக் கழுவி நறுக்கும்வரை பக்கத்தில் நின்று எனக்கு யோசனை சொல்வார். அந்த நாள் முழுக்க அவருக்கு வேலை இருந்தது. மீன் நின்றதும் அந்த மனிதர் என்ன செய்வார்? கூடத்தில் இப்படியும் அப்படியும் நடந்தார். என் அரிசிப் பானையைத் திறந்து பார்த்து, "இது எத்தனை நாளுக்கு வரும்?" என்று கேட்டார். புடவையை ஏன் இந்தப் பக்கமாகக் காயப்போடுகிறாய் என்று கேட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டு, "ஏங்க, எங்கனா போயிட்டு வாங்க" என்று வெளியே அனுப்பினேன். அவர் வாசகசாலைக்குப் போனார். அங்கேதான் சனியன் ஒரு இங்கிலீஷ் பத்திரிகை வடிவத்தில் உட்கார்ந்திருந்தது.

அதில் ஒரு வெள்ளைக்காரன் படம். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, வாயில் சுருட்டோடு, ஒரு பெரிய மேஜை முன்னால் நின்று மரத்தை இழைத்துக்கொண்டு சிரிக்கிறான். ஓய்வு நேரத்தில் இப்படி மரவேலை செய்தால் மனசு லேசாகும், ரத்தக் கொதிப்பு வராது என்று எழுதியிருந்ததாம். வீட்டுக்கு வந்து, "இதுக்குப் பேரு ஹாபி" என்றார். பக்கத்து வீட்டு ராஜம் என்னிடம் ஹாபி என்றால் என்ன என்று கேட்டாள். சம்பளம் இல்லாமல் செய்கிற வேலை என்று சொன்னேன். அதுதான் நான் விடியற்காலையிலிருந்து செய்துகொண்டிருக்கிறேனே என்றாள் அவள்.

இழைப்புளி ஒன்று, உளி இரண்டு, ஒரு கைரம்பம், ஒரு சுத்தி, ஒரு ரசமட்டம், எல்லாம் வந்து சேர்ந்தன. நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். உட்கார ஒரு மணை செய்து கொடுப்பார், உறி மாட்ட ஒரு கட்டை செய்து கொடுப்பார் என்று நினைத்தேன். அவரோ, எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் அந்த வெள்ளைக்காரன் வைத்திருப்பதுபோல ஒரு பெஞ்சு வேண்டும், அதன்மேல் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றார். நம் ஊர் ஆசாரிகள் எல்லாரும் தரையில் உட்கார்ந்து, கால் விரலால் மரத்தை இடுக்கிக்கொண்டு, ஊருக்கே கதவும் கட்டிலும் செய்து கொடுக்கிறார்களே என்று கேட்டேன். "அவுங்களுக்கு இடுப்பு வலி வருதே, அது ஏன்னு நினைக்கிற?" என்றார். அவர் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தே இடுப்பு வலி வாங்கியவர். அதை நான் சொல்லவில்லை, புதிதாக ஒன்றில் ஆசை வைத்திருக்கிற மனிதரிடம் எதற்கு என்று விட்டுவிட்டேன். தம்பி, கல்யாணத்துக்குப் பிறகு உனக்கும் இப்படி ஏதாவது பிடிக்கும். அப்போது உன் பெண்டாட்டி சொல்லாமல் விட்டதையும் நீ கொஞ்சம் கேட்கப் பழகிக்கொள்.

மரத்துக்கு உன் மாமன் கலியபெருமாள் வந்து சேர்ந்தான். என்கூடப் பிறந்தவன்தான், இருந்தாலும் சொல்கிறேன், அவனுக்கு எங்கே எது சும்மா கிடைக்கும் என்று மூக்கில் வேர்க்கும். நெல்லிக்குப்பத்தில் கரும்பு வண்டி ஓட்டுகிறவனுக்குக் கடலோரத்தில் என்ன வேலை? தேவனாம்பட்டினத்தில் அவனுடைய கூட்டாளி ஒருவர், மீன்பிடிக்கிறவர், தன் பழைய படகைப் பிரித்துப் போட்டிருந்தாராம். அந்தப் பலகைகளைக் கரும்பு வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினான்.

"மாமா, இந்த மாதிரி பலகை கடையில கெடைக்காது. எத்தினி வருசம் கடல்ல ஊறுன மரம். கரையான் இது பக்கம் தலவச்சுப் படுக்காது" என்றான்.

"மச்சான்னா நீதான்டா மச்சான்" என்றார் உன் அப்பா. நான் கிட்டே போய் மோந்து பார்த்தேன். வெயிலில் கிடந்து காய்ந்து, சாம்பல் நிறத்தில், ஒரு வாடையும் இல்லாமல்தான் இருந்தது. கரையான் விஷயத்தில் கலியபெருமாள் சொன்னது இன்றுவரை நிஜம். மற்றதை அவன் சொல்லவில்லை. படகுக்கு வருஷாவருஷம் சுறா எண்ணெய் பூசுவார்கள் என்பது கடற்கரையில் இருக்கிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மஞ்சக்குப்பத்தில் இருக்கிற குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை.

கொல்லைப்பக்கத்து அறை, அதாவது நீ பரீட்சைக்குப் படித்த அறை, பட்டறை ஆயிற்று. ஞாயிறு தோறும் அங்கே யுத்தம். பலகைகளை அடுக்கிச் சேர்த்து மேல்தட்டு செய்தார். நாலு கால் செதுக்கினார். காலில் முளை, பலகையில் துளை, ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார வேண்டும். முதலில் முளை பெரிது, போகவில்லை. சீவினார். பிறகு துளை பெரிது, ஆடியது. அதற்கு ஆப்பு வைத்தார். ஆப்பு வைத்ததில் பலகை விண்டது. அதற்கு ஒரு பட்டை அடித்தார். ஒவ்வொரு தப்புக்கும் மேலே இன்னொரு கட்டை ஏறி ஏறி, கடைசியில் அந்தப் பெஞ்சில் தப்புகளின் எடைதான் அதிகம். யானை வந்து உட்கார்ந்தாலும் அசையாது. ஆனால் நிறுத்திப் பார்த்தால் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நம் வீட்டுத் தரை, கழுவி விட்ட தண்ணீர் கொல்லைக்கு ஓடட்டும் என்று சரிவாகப் போட்ட தரை. உன் அப்பா தரையைக் குறை சொல்லாமல், ரசமட்டத்தை மேலே வைத்துக்கொண்டு நாலு காலையும் தரைக்குத் தகுந்தபடி அறுத்தார். ஒன்றுக்கொன்று நீளம் வேறு. மட்டத்தில் இருக்கிற குமிழி நடுவில் வந்து நின்றதும், நீ பிறந்த அன்றைக்கு ஊரையே கூப்பிட்டதுபோல என்னைக் கூப்பிட்டு வந்து பார்க்கச் சொன்னார். நானும் போய்ப் பார்த்தேன். நேராக நின்றது. அந்த அறையில், அந்த இடத்தில், அந்தப் பக்கம் பார்த்து வைத்தால் மட்டும் நேராக நிற்கும். வேறு எங்கே நகர்த்தினாலும் நொண்டும்.

இனிமேல்தான் கதை. பெஞ்சு நின்றுவிட்டது, மேல்பரப்பு மட்டும் சொரசொரப்பாக இருக்கிறது, இழைத்துவிட்டால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்றார். இழைப்புளியை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். சுருள் சுருளாக அழகாகத்தான் வந்தது. அடுப்படியில் இருந்த எனக்கு, யாரோ முதுநகர் மீன் அங்காடியைத் தூக்கிக்கொண்டு வந்து கொல்லையில் இறக்கியதுபோல் இருந்தது. வெளியே காய்ந்திருந்த பலகையின் உள்ளே அத்தனை வருஷத்து எண்ணெயும் அத்தனை வருஷத்து மீனும் பத்திரமாக இருந்திருக்கின்றன. உன் அப்பா அசரவில்லை. "மேலாப்புலதான் நாத்தம். இன்னும் கொஞ்சம் எழைச்சா போயிடும்" என்றார். இழைக்க இழைக்க அது புதிதாக வந்தது. அவரும் விடவில்லை. நாற்றத்துக்கு அடியில் ஏதோ ஒரு இடத்தில் நல்ல மரம் இருக்கிறது, அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று வாரா வாரம் இழைத்தார். பெஞ்சு மெலிந்தது, வாடை மெலியவில்லை. இழைத்த சுருளைக் கூட்டிக் கொல்லையில் கொட்டினோம். அதில்தான் பூனைகளுக்குச் செய்தி போயிற்று. ராஜம் சுவர் வழியாக எட்டி, "விட்டுட்டோம்னு சொன்னீங்களேக்கா?" என்று கேட்டாள். நாக்கில் மீன் பட்டு மாசக்கணக்காகிறது, ஊர் முழுக்கக் கெட்ட பெயர்.

அந்த நேரம் பார்த்துத்தான் சிதம்பரத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள், வருகிற வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, வீடு பார்க்க வருகிறோம் என்று. பெஞ்சை வெளியே போட்டுவிடலாம் என்றேன். கலியபெருமாளும் உன் அப்பாவும் பிடித்துத் தூக்கினார்கள். அறைக்குள் வைத்துச் செய்த பெஞ்சு, வாசற்படி வழியாக வரவில்லை. பிரித்து எடுங்கள் என்றேன். உன் அப்பா பெஞ்சுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். பிரிக்கவும் முடியாது, அத்தனை ஆணி. அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது, அதைத்தான் நீ சிரிக்காமல் படிக்க வேண்டும். மீன் கழுவின கையையும் சட்டியையும் நாம் எதைப் போட்டுக் கழுவுகிறோம்? புளி. வாடை போக என்ன தடவுகிறோம்? மஞ்சள். ஒரு பெரிய உருண்டைப் புளியைக் கரைத்து, மஞ்சளைக் குழைத்து, அந்தப் பெஞ்சை வியாழக்கிழமை முழுக்கத் தேய்த்துக் கழுவினேன். வெள்ளிக்கிழமை காலையில் வெயில் ஏறியதும் அறையைத் திறந்தேன். சுறா எண்ணெயில் புளியும் மஞ்சளும் சேர்ந்து, கொதித்து இறக்கி வைத்த மீன் குழம்பின் வாசனை அப்படியே எழுந்து வந்தது. கொத்தமல்லி ஒன்றுதான் பாக்கி.

சாம்பிராணி போட்டேன். கதவைச் சாத்தி இடுக்கில் சாக்கு வைத்தேன். சாம்பிராணிக்கு நடுவிலும் குழம்பு தனியாகத் தெரிந்தது. பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்கி அவர்கள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். கோமதியின் அப்பா பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் பிறந்தவர், சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார், அதிகம் பேசாதவர். அந்த அம்மாள் நெற்றி நிறைய விபூதி, நேரான பார்வை. பாயில் உட்கார்ந்தார்கள். வழக்கம் உனக்குத் தெரியும், சம்பந்தம் பிடித்தால்தான் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல், சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போய்விடுவார்கள். நான் இலைக்கு ஏற்பாடு செய்து வைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தேன். அந்த அம்மாள் செம்பைத் தொடவில்லை. முந்தானையை மூக்குப் பக்கம் கொண்டுபோனாள்.

"மீன் வாடை வருதுங்களே" என்றாள்.

"அது பெஞ்சுங்க" என்றார் உன் அப்பா.

"பெஞ்சா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலியபெருமாள் சும்மா இருந்திருக்கலாம். "மாமா அவுரு கையால செஞ்சதுங்க. படகுப் பலகை. வஞ்சிரம், கொடுவா எல்லாம் ஏறுன படகுங்க" என்று பெருமையாகச் சொன்னான். அந்த அம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் எழுந்து, "நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றார். உன் அப்பா அவரைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கலியபெருமாளை நான் வெற்றிலை வாங்கி வா என்று துரத்திவிட்டேன், வீட்டில் வெற்றிலை இருந்தது.

கூடத்தில் நாங்கள் இரண்டு பேர். அந்த அம்மாள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். "நான் ஒளிக்காம சொல்றேங்க. எம்பொண்ணு இந்த வாடையே அறியாதவ. நாளைக்கு வந்து மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கிறதுக்கு, இன்னிக்கே வேணாம்னு எழுந்து போறது ரெண்டு பேருக்கும் நல்லது."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம். நீ ஊருக்குப் போகும்போது ரயிலடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படியாவது முடிச்சிடும்மா" என்று சொன்ன முகம் கண்ணில் வந்து நின்றது. இருந்தாலும் நான் கெஞ்சவில்லை.

"போறதுன்னா போங்கம்மா. ஆனா நாங்க பொய் சொன்னோம்னு நெனச்சிக்கிட்டு மட்டும் போவாதீங்க. ஞாயித்துக்கெழமைன்னா மீனு இல்லாம இந்த வீட்ல அடுப்பு எரிஞ்சதில்ல. ஒங்க பொண்ணத்தான் கட்டுவேன்னு எம்மவன் சொன்னதுக்காக நானும் அவரும் விட்டோம். விட்டுட்டு சும்மா ஒக்கார முடியாமத்தான் அந்த மனுசன் மரத்தப் புடிச்சாரு. அவருக்கு மரவேல வராது. நீங்களே போய்ப் பாருங்க, எவ்ளோ கோணலா இருக்குன்னு. நாங்க மீன விட்டதுக்கு அந்தக் கோணப் பெஞ்சுதான் சாட்சி."

அந்த அம்மாள் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொல்லைப்பக்கம் போனவர்கள் வரவில்லை. ஒரு சத்தமும் இல்லை. உன் அப்பா ஏதாவது உளறி அவர் கொல்லை வழியாகவே கிளம்பிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன்.

அறை வாசலில் உன் அப்பா, என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார். உள்ளே உன் மாமனார். இரண்டு கையையும் பெஞ்சின்மேல் ஊன்றி, முகத்தைப் பலகைக்குக் கிட்டே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். முதலில் மயக்கம் என்று நினைத்தேன். என் காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார்.

"புளி போட்டீங்களாம்மா?" என்றார், கேட்டும் கேட்காத குரலில்.

"ஆமாங்க."

"மஞ்சளும்?"

"ஆமாங்க."

மறுபடியும் ஒரு மூச்சு இழுத்தார். "எங்கம்மா கொடுவாக் கொழம்பு இப்பிடித்தான் இருக்கும்" என்றார். "கல்யாணம் ஆன அன்னிக்கு விட்டது. இன்னிவரைக்கும் அவகிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல. இப்பவும் தெரிய வேணாம்." பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, துக்கம் விசாரித்துவிட்டு வருகிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "மரந்தான். நல்லாப் பாத்துட்டேன். சுத்தமான வீடு" என்று பெண்டாட்டியிடம் சொன்னார். அப்புறம் உன் அப்பா பக்கம் திரும்பி, "எல போடச் சொல்லுங்க சம்மந்தி" என்றார்.

சம்மந்தி என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் சமையல்கட்டுக்குள் ஓடி இலையை எடுத்தேன். கூடத்தில் பெரிய இலையாகப் போட்டேன். உன் மாமனார், இங்கே காற்று வரவில்லை என்று சொல்லி, இலையைக் கையாலேயே தூக்கிக்கொண்டு போய்க் கொல்லை அறை வாசலுக்கு எதிரே உட்கார்ந்தார். முருங்கைக்காய்ச் சாம்பாரும் வாழைக்காய் வறுவலும்தான். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டு, மறு சோறு, மறு சாம்பார் என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். "சாம்பார் பிரமாதம்" என்றார். உண்மையில் உப்பு ஜாஸ்தி. அந்த அம்மாள் ஆச்சரியத்தோடு, "வீட்ல ஒரு கரண்டிக்கு மேல வாங்க மாட்டாரே" என்றாள். உன் அப்பா, பெஞ்சைப் பார்த்தால் யாருக்குமே பசி எடுக்கும் என்று சொன்னார். நான் அவர் காலை மிதித்தேன்.

அப்படித்தான் உன் கல்யாணம் முடிவாயிற்று. அதற்கப்புறம் நடப்பதுதான் இன்னும் வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன் மாமனார் சிதம்பரத்திலிருந்து வந்துவிடுகிறார். மரவேலை கற்றுக்கொள்ள வருகிறாராம். உன் அப்பாவிடம் கற்றுக்கொள்ள. இருவரும் சேர்ந்து இதுவரை ஒரு முக்காலி செய்திருக்கிறார்கள், அதில் உட்கார்ந்தவன் கலியபெருமாள் ஒருத்தன்தான், அவனும் அரை நிமிஷம்தான். ஆனால் சிரிப்புச் சத்தம் தெருமுனைவரை கேட்கிறது. உன் அப்பாவுக்குப் பழைய ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் மனசு உறுத்தியது. மறைக்கத் தெரியாத ஒரு பொம்பளையிடம் நாமும் சேர்ந்து மறைக்கிறோமே, நாளைக்குத் தெரிந்தால் கோமதிக்குத்தானே இடி விழும் என்று இருந்தது.

போன வாரம் சிதம்பரத்தில் பாக்கு வெற்றிலை மாற்றினோம் அல்லவா, அன்றைக்குச் சாப்பாடு ஆனதும் அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கோமதி கூடத்தில் அடுத்த பந்திக்குக் கொத்சு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கெழம அங்க வராரில்ல" என்றாள்.

"ஆமாங்க, மரவேல..."

"மரவேலன்னுதான் எங்கிட்டயும் சொல்றாரு. சொல்லட்டும்." கொஞ்சம் சிரித்தாள். "அந்தப் பெஞ்ச மட்டும் நல்லாக் கழுவி எடுத்துடாதீங்க. அப்பப்ப புளிய மட்டும் தடவி வையிங்க."

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு எலைய எடுத்துக்கிட்டுப் போயி எங்க ஒக்காந்தாருன்னு நான் பாக்கலியா? கல்யாணம் ஆன வருசத்துலயே தெரியும். பரங்கிப்பேட்டைக்குப் போனா கடற்கர பக்கமா சுத்திக்கிட்டு வருவாரு, ஒண்ணும் வாங்க மாட்டாரு, சும்மா மோந்துட்டு வருவாரு. எனக்காக விட்டவரு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அங்க வர்றதயும் நிறுத்திடுவாரு. வேணாம் அண்ணி, வரட்டும்."

திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பெண் வீட்டில் யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா என்று உன் அப்பா பதறிப்போனார். கொத்சு காரம் என்று சொல்லிவிட்டேன்.

தம்பி, அந்த அம்மாள் வளர்த்த பெண்ணைத்தான் நீ கட்டிக்கொள்ளப் போகிறாய். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மனிதர் மூச்சு விடாமல் ஒன்றை விட்டு வைத்திருக்கிறார், அதை ஒரு பொம்பளை மூச்சு விடாமல் தெரிந்து வைத்திருக்கிறாள், அந்த வீட்டில் வளர்ந்தவள் கோமதி. நீ பம்பாயில் எங்கே, என்ன சாப்பிடுகிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. சைவம் என்று நீ எழுதுகிறாய், உன் அப்பா நம்புகிறார். விட்டுவிட்டாயானால் அவளுக்காக விட்டேன் என்று ஒருநாளும் சொல்லிக் காட்டாதே. விட முடியாமல் அவளுக்குத் தெரியாமல் சாப்பிடுகிறாயானால், தெரியாமல் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவள்போல உனக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றுவாள். அந்தத் தண்ணீருக்குக் கையை நீட்டும்போது உனக்குக் கூச்சமாக இருந்தால், நான் உன்னை ஒழுங்காக வளர்த்திருக்கிறேன் என்று அர்த்தம்.

உன் அம்மா